வாயைத் திறக்காதே

பந்து கைக்கு வந்ததுமே நாகஜோதிக்கு வாய் துறுதுறுத்தது. ஏதாவது ஒன்றைக் கத்தவேண்டும் போலிருந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் ஆரம்பித்து இந்தப் பெரியகுளத்துச் சிமெண்டுக் களம் வரைக்கும் பந்தைத் தட்டிக்கொண்டே கத்திப் பழகிப்போன வாய், திடீரென்று ஒருநாள் சும்மா இரு என்றால் அது பாவம் என்ன செய்யும், பல்லுக்குப் பின்னாலேயே முட்டிக்கொண்டு நின்றது. கத்தக்கூடாது. இப்போதுதானே ரெஜினா சொன்னாள், டைம் அவுட்டில், எல்லாருக்கும் முன்னால், முகத்துக்கு நேராகக் கையை நீட்டி, "யாரும் வாயத் திறக்கக் கூடாது, முக்கியமா நீ." முக்கியமா நீயாம். அணிக்குத் தலைவி இவள், பந்தைக் கொண்டுபோகிறவள் இவள், இன்னாருக்கு இன்ன இடம் என்று சொல்லி ஆட்டுவிக்கிறவள் இவள், இவளைப் பார்த்து முக்கியமா நீ. சரி, அதையெல்லாம் பஸ்ஸில் போகும்போது வைத்துக்கொள்ளலாம். இது கூடைப்பந்து அரையிறுதி. போடி பெண்கள் ஒரு பாயிண்ட் பின்னால். பலகையில் ஓடிக்கொண்டிருக்கிற நேரம் இந்த ஒரு பந்துக்குத்தான் காணும். போட்டுவிட்டால் இறுதிப்போட்டி, போடி அணி என்று ஒன்று உண்டான நாளிலிருந்து ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்காத இடம். போடாவிட்டால் வழக்கம்போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கட்டிக்கொண்டுவந்த புளியோதரையைப் பேசாமல் தின்றுகொண்டு, ஊர். நாகஜோதி பந்தைத் தட்டினாள். தட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். எதிரே, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, திண்டுக்கல் அணியின் மஞ்சள் பனியனில், சூர்யகலா நின்றாள்.

அந்த மஞ்சள் அவளுக்குப் பொருந்தவே இல்லை. கத்தரிப்பூ நிறம்தான் கலாவுக்கு எடுக்கும், அதை நாகஜோதியைவிட யாருக்குத் தெரியும், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு சேலை விரிக்கிறவளுக்கு ஒரு பெண்ணைப் பார்த்ததும் நிறம் தெரிந்துவிடாதா. கல்யாணச் சேலையே இவள் எடுத்துப்போட்டதுதான். மூன்றாவது சேலையிலேயே இதுதான் என்று தெரிந்துவிட்டது, இருந்தாலும் கலாவின் மாமியார் முப்பது நாற்பது சேலையை விரிக்கவைத்துவிட்டு அந்த மூன்றாவதற்கே திரும்பி வந்தார். மற்றவர்களுக்கு என்றால் இவ்வளவு சட்டென்று தெரிகிறது. தனக்கென்று ஒரு சுடிதார் எடுக்க இரண்டு தீபாவளி ஆகும். என்ன நினைப்பு இது, பந்து கையில் இருக்கும்போது சுடிதார் நினைப்பு. தட்டு. வலது கை. இடது கை. கலா அந்தக் கையைப் பார்க்கவில்லை, கண்ணைக்கூடப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவி. நாகஜோதி பயந்துபோனால் கீழுதட்டைக் கடிப்பாள், கடித்தால் பந்து வலது பக்கம் போகும், இது உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும், அந்த ஒருத்தியைப் பார்த்துத்தான் திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குப் பிஸ்கட் ஏஜென்சியாம், தங்கமான பிள்ளையாம், மருமகள் விளையாடுவதற்கு மாமனாரே ஷூ வாங்கிக் கொடுத்தாராம். கொடுக்கட்டும். நல்லா இருக்கட்டும். ஆனால் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு இங்கே வந்து நிற்கவேண்டுமா.

போடி அணியை விட்டுப் போனது போகட்டும் என்று விடலாம், ஆனால் அவள் சும்மா போகவில்லையே, போகும்போது வார்த்தைகளையெல்லாம் அல்லவா கொண்டுபோய்விட்டாள். அவள் வைத்த பெயர்கள்தான் எல்லாமே. மற்ற அணிகள் ஒன்று, இரண்டு என்று விரலைக் காட்டுவார்கள், இங்கிலீஷில் ஏதோ நிறம் சொல்வார்கள், போடிக்காரிகள் மட்டும் கல்யாண வீட்டைக் கூப்பிடுவார்கள். "நாத்தனார்!" என்று கத்தினால் ஒருத்தி ஓடிப்போய் எதிராளியின் வழியை மறித்துக்கொண்டு நகராமல் நிற்கவேண்டும். "பந்தி!" என்றால் பந்து ஒரு கையிலும் தங்கக்கூடாது, வாங்கினதும் அடுத்தவளுக்கு, அவள் அதற்கடுத்தவளுக்கு. "மறுவீடு!" என்றால் கொடுத்துவிட்டு ஓடு, பந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டு உன்னிடமே திரும்பி வரும். எதிர் அணிக்காரர்கள் ஒன்றும் புரியாமல் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பார்கள், மைக்கில் வர்ணனை செய்கிறவர்களே குழம்பிப்போவார்கள், உசிலம்பட்டியில் ஒரு நடுவர் பாதி ஆட்டத்தில் நிறுத்தி, ஏம்மா, யாராவது நாத்தனாரைத் திட்டுறீங்களா என்று கேட்டார். நாகஜோதிக்கு இப்போதும் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நேரமா. இன்றைக்கு என்ன நடந்தது? முதல் பாதியிலேயே இவள் "மறுவீடு!" என்று வாயைத் திறந்தாள், திறந்த வாய் மூடுவதற்குள் கலா நடுவில் புகுந்து பந்தைப் பறித்துக்கொண்டு போய்க் கூடையில் போட்டுவிட்டு, திரும்பி ஓடிவரும்போது சாதாரணமாகச் சொன்னாள், "மறுவீட்டுக்கு நான் வந்துட்டேன்டி." கூட்டம் சிரித்தது. நாகஜோதி சிரிக்கவில்லை. அப்புறம் "நாத்தனார்" என்று இவள் கத்தி முடிப்பதற்குள் கலா தன் ஆட்களுக்குக் கத்தினாள், "இடது பக்கம் மறிக்க வருவாளுக, சுத்திப் போ!" அப்புறம் "பந்தி". அதுவும் போச்சு. சாவியைத் திருடன் கையில் கொடுத்துவிட்டு வீட்டைப் பூட்டிப் பூட்டிப் பார்த்த கதையாக, தெரிந்துகொண்டே, வேறு வழி தெரியாமல், மறுபடி மறுபடி அதே பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தாள். கோச் சிவனாண்டி அண்ணன் டைம் அவுட்டில் பலகையில் புதுசாக ஒரு ஆட்டம் வரைந்து காட்ட முயன்றார், சாக்பீஸ் உடைந்தது, உடைந்த துண்டிலும் வரைந்தார், அது கோழி கிளறியதுபோல வந்தது, அவரே அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "தண்ணி குடிங்கம்மா" என்றார். அப்போதுதான் ரெஜினா பேசினாள். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்சு, ஒரு ஆட்டம் முழுக்க நாலு வார்த்தைகூடப் பேசாதவள். "பேரு தெரிஞ்சாத்தான அவ வருவா. பேரே வேணாம். யாரும் வாயத் திறக்கக் கூடாது. முக்கியமா நீ." "அப்ப யாரு எங்க போகணும்னு எப்படிடி தெரியும்?" என்றாள் நாகஜோதி. "பாத்தா தெரியாதா?" என்றாள் ரெஜினா.

பார்த்தால் தெரியுமாம். நாகஜோதி பார்த்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, பந்து மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இந்துமதி இடது ஓரத்தில். வளர்மதி வலது ஓரத்தில், கையை மார்புக்கு நேராக வைத்துக்கொண்டு, குடு என்கிற முகம். ரெஜினா கூடைக்குப் பக்கத்தில், முதுகில் ஒரு மஞ்சள் பனியனைச் சுமந்துகொண்டு. பர்வீன் எங்கே, பர்வீன், ஆ, இதோ, இடது கை பக்கம். எல்லாரும் இருக்கிறார்கள், எல்லாரும் இவளையே பார்க்கிறார்கள், இவள் சொன்னால்தான் அசைவார்கள் என்று தோன்றியது. இத்தனை நாளும் பெயரைச் சொல்லிவிட்டால் போதும், பாரம் பெயர் மேல் போய்விடும், தவறிப்போனால் மறுவீடு சரியில்லை, நாத்தனார் லேட்டு என்று அதன் தலையில் கட்டிவிடலாம். இப்போது எதன் தலையில் கட்ட? வலது பக்கம் கொடுக்கலாமா. உதடு. கடிக்காதே. கடித்துவிட்டாள். கலாவின் கால் பொடுக்கென்று வலது பக்கம் நகர்ந்தது, சிரிப்பு வேறு. "என்னடி, ஊமையாயிட்டியா?" என்றாள் கலா, மூச்சிரைக்க. "பேச மாட்டியா எங்கூட?" அந்தக் குரலில் விளையாட்டு பாதி, நிஜம் பாதி. பொங்கலுக்கு அப்புறம் போன் பண்ணவே இல்லை, நாகஜோதிதான் பண்ணவில்லை, பண்ணலாம் பண்ணலாம் என்று, காலையில் கடை, மத்தியானம் கடை, என்ன பேசுவது, உங்க ஊர் அணி எப்படி என்று கேட்பதா. பேசமாட்டேன்டி, இப்போது பேசமாட்டேன், பேசினால் நீ பிடித்துக்கொள்வாய். அந்தச் சமயம் பார்த்து மைக்கில், "போடிநாயக்கனூர் வீராங்கனைகள் கடைசித் தாக்குதலைத் தொடங்குகிறார்கள், ரசிகப் பெருமக்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள், மேற்கு வாசலில் வழியை மறித்து நிற்கும் வெள்ளை நிற ஆம்னி வண்டியின் உரிமையாளர் உடனே வந்து வண்டியை எடுக்கவும்."

வழியை மறித்து. அங்கேயும் ஒரு நாத்தனார். நாகஜோதிக்கு உள்ளே எதுவோ இளகிற்று. எந்தக் கல்யாணம் அது, வளர்மதியின் அக்கா கல்யாணம், பந்தி பரிமாற ஆளில்லை என்று இவர்கள் ஐந்தாறு பேரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். சோறு ஒருத்தி, சாம்பார் ஒருத்தி, கலா கையில் ரச வாளி, இவள் கையில் அப்பளக் கூடை. மண்டபம் சின்னது, இரண்டு வரிசைக்கு நடுவில் ஒரு ஆள் போகத்தான் இடம், எதிர்ப்பக்கத்தில் பாயசத்தோடு ரெஜினா ரயில் மாதிரி வருகிறாள், ஒருவர் மேல் ஒருவர் இடிக்கவில்லை, ஒரு சொட்டு ரசம் கீழே சிந்தவில்லை. கை கழுவும்போது கலாதான் சொன்னாள், "நம்ம கோர்ட்ல இப்படி ஒருநாளாவது ஓடியிருக்கமாடி?" அதற்கப்புறம்தான் அடுத்த வாரம் பயிற்சியில் பெயர் வைத்தது, பந்தி, நாத்தனார், மறுவீடு. பெயர் அப்புறம் வந்தது. அன்றைக்குப் பந்தியில் பெயர் எங்கே இருந்தது? ஒருத்தரும் ஒருத்தரையும் கூப்பிடவே இல்லையே. சாம்பார் முடிந்த இலையைச் சாம்பார்க்காரி பார்த்தாள், இவள் அப்பளத்தோடு ஒதுங்கினாள், அவள் போனாள், அவ்வளவுதான். அடி ஆத்தி, என்று நினைத்தாள் நாகஜோதி. நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அவள் தீர்மானிப்பதற்கு முன்னாலேயே, பந்து கையை விட்டுப் போய்விட்டது. இடது பக்கம். உதட்டைக் கடித்துக்கொண்டே இடது பக்கம். பர்வீன் அதை வாங்கியபோது பர்வீனுக்கே ஆச்சரியம்.

அதற்குப் பிறகு நடந்ததை நாகஜோதி நினைத்தாளா, பார்த்தாளா, இல்லை அது தானாக அவள் வழியாக நடந்துபோனதா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பர்வீன் ஒரு தட்டுத் தட்டினாள், அதற்குள் இந்துமதி ஓரத்திலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு ஓடினாள், அவளைக் காத்தவள் அவள் பின்னால் ஓட, இந்துமதி விட்டுப்போன இடம் காலியாகக் கிடந்தது, காலியாகக் கிடக்கிறதே என்று நாகஜோதி நினைக்குமுன் பர்வீன் அங்கே நகர்ந்திருந்தாள், பர்வீன் நகர்ந்த இடத்தில் நாகஜோதி, வாங்கினாள், கொடுத்தாள், வளர்மதி வாங்கினாள், போடுவதுபோல் கையைத் தூக்கினாள், எதிராளி எம்பினாள், போடவில்லை, ரெஜினாவுக்கு உள்ளே, ரெஜினா மறுபடி வெளியே. யாரும் வாயைத் திறக்கவில்லை. ஷூக்களின் ரப்பர் அடிப்பாகம் சிமெண்டில் கிறீச் கிறீச்சென்று தேய்வதும் பந்து கையில் விழுவதும் மட்டும் கேட்டது, கூடவே மஞ்சள் பனியன்கள் போடுகிற கூச்சல், "உன் ஆளு! உன் ஆளுடி! யாரு அவளப் பிடிக்கிறது!" கலா என்ன சொல்வாள், சொல்ல என்ன இருக்கிறது, கூப்பிடாத பெயரை அவள் எப்படிப் பிடிப்பாள். நாகஜோதிக்கு நெஞ்சுக்குள் குளுகுளுவென்று ஒரு சந்தோஷம் எழும்பிற்று. அடக்கமுடியாத சந்தோஷம். தோற்றாலும் பரவாயில்லை என்றுகூட ஒரு விநாடி தோன்றிவிட்டது, சேச்சே, தோற்றால் எப்படிப் பரவாயில்லை, ஆனால் தோன்றிவிட்டது. இவர்களுக்கெல்லாம் இவ்வளவு தெரியுமா. நான் சொல்லித்தான் ஓடுகிறார்கள் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேனே. வளர்மதிக்குக் கண் இவ்வளவு பெரிதா. பர்வீன் வேலை பார்க்கிற தையல் கடையில் ஊசியில் நூல் கோர்ப்பதற்குத் தடுமாறுவாள், இங்கே இரண்டு பேர் கைக்கு நடுவில் இருக்கிற இடுக்கில் பந்தைக் கோர்த்து அனுப்புகிறாள். போகட்டும், நானும் ஒரு கை. ஐந்தில் ஒரு கை. அது எவ்வளவு லேசாக இருக்கிறது.

பந்து மறுபடியும் அவளிடம் வந்தது. வலது பக்கம், கோட்டுக்குச் சற்று வெளியே, அவளுக்குப் பிடித்த இடத்துக்கு ஓர் எட்டு முன்னால். கலா எப்படியோ வந்துவிட்டாள், ஆனால் அரை எட்டு தள்ளி, போடலாம், இப்போது போடலாம், இந்த மாதிரி இடத்திலிருந்து நூறு தடவை போட்டிருக்கிறாள். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. போடு போடு என்று யாரோ ஒரு கிழவர் தொண்டை கிழியக் கத்தினார். பலகையில் நேரம் கரைந்துகொண்டிருந்தது. போட்டால் பெயர் இவளுக்கு, நாளைக்குக் கடையில் முதலாளியே பேப்பரை நீட்டிக் காட்டுவார், போட்டோ வரும், அம்மா அதைக் கத்தரித்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில், பந்து வளையத்தில் பட்டு வெளியே போனால் அதுவும் இவளுக்குத்தான், அதை யாரும் கத்தரிக்கமாட்டார்கள். கலா எம்பத் தயாராக முழங்காலை மடக்கினாள். கூடைக்குப் பக்கத்தில் ரெஜினா ஒரு கையைத் தூக்கினாள். தூக்கினாளா, தூக்கப்போகிறாளா? தூக்கப்போகிற இடத்துக்குப் பந்து போய்விட்டது. நாகஜோதி கொடுத்தேவிட்டாள். கொடுத்த வேகத்திலேயே கால் ஓடத் தொடங்கிவிட்டது, கொடுத்தால் ஓடவேண்டும், ஓடினால் திரும்பி வரும், எத்தனையோ வருஷப் பழக்கம், வலது மூலைக்கு, கோடு இரண்டும் சேருகிற அந்த மூலைக்கு, அங்கேதான் அவளுக்குப் பந்து திரும்பி வரும். "அவளுக்குத்தான் திரும்பும்! மூலைக்கு வாங்கடி!" என்று கலா தன் ஆட்களுக்குக் கத்திக்கொண்டே ஓடினாள். முந்திக்கொண்டு ஓடினாள். நாகஜோதி போய்ச் சேர்வதற்குள் அந்த மூலையில் கலா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள், குதிகால் கோட்டில், கை நீட்டி, வரப்போகிற பந்தைத் தட்டிவிடுவதற்கு. இன்னொரு மஞ்சள் பனியனும் அந்தப் பக்கமாக இரண்டு எட்டு சாய்ந்துவந்தது நாகஜோதியின் தோளோரத்தில் தெரிந்தது.

எல்லாம் தெரிந்தவள் கலா, ஒன்றைத் தவிர. பந்தைத் திரும்ப வாங்குகிற ஆசை நாகஜோதிக்குப் போய்விட்டது. ஓடிவந்தது கால்தான். வந்தாயிற்று, இனி திரும்பவேண்டும், திரும்பிக் கையை நீட்டிப் பந்தைக் கேட்கவேண்டும். நாகஜோதி திரும்பவில்லை. திரும்பினால் கலாவும் நகர்ந்துவிடுவாள். நின்றாள், களத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கலாவுக்கு நேர் எதிரே, மூச்சு முகத்தில் படுகிற கிட்டத்தில். பின்னால் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. பயமாக இருந்தது, பயத்துக்குள்ளேயே சிரிப்பாகவும் இருந்தது, கண்ணைக் கட்டிக்கொண்டு தெருவைக் கடப்பது போல ஒரு பைத்தியக்காரத்தனம், ஆனால் நாலு பேர் இருக்கிறார்கள், இருக்கட்டும். கலாவின் கண்கள் இவள் தோளுக்கு மேலாகப் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் கண்களை இவள் பார்த்தாள். அவை ரெஜினாவிடம் இருந்தன. இடது பக்கம் போயின, இந்துமதி. திரும்பி நடுவுக்கு வந்தன, பர்வீனா, பர்வீன்தான். ஒரு துள்ளல் துள்ளி வலது பக்கம், வளர்மதி, போடாதே, எம்பி ஏமாற்று, ஏமாற்றிவிட்டாளா, கலாவின் புருவம் உயர்ந்தது, ஏமாற்றிவிட்டாள். கலா ஒரு கணம் நாகஜோதியைப் பார்த்தாள். இவள் ஏன் திரும்பவில்லை, ஏன் பந்து கேட்கவில்லை, ஏன் இப்படி ஈயென்று இளித்துக்கொண்டு நிற்கிறாள் என்று அந்த முகம் கேட்டது, கேட்ட அந்தக் கணமே அதற்குப் புரிந்தும்விட்டது. "ரெஜினா! ரெஜினாவப் பிடிங்கடி!" என்று கலா அலறினாள். அலறிக்கொண்டே அவள் கண்கள் மேலே போயின. மெதுவாக, மேலே, இன்னும் மேலே. அங்கேயே நின்றன. மைக்கும் வாயை மூடிக்கொண்டது. பிறகு அந்தக் கண்கள் கீழே இறங்கின, நேராக, எங்கும் தட்டாமல், முறியாமல் இறங்கின. இறங்கிய கண்கள் மூடிக்கொண்டன.

விசிலும் சத்தமும் பட்டாசும் ஒன்றாக வந்து முதுகில் விழுந்தன. பெரியகுளமே எழுந்து நின்று கத்துவதுபோல் இருந்தது. நாகஜோதி அப்போதும் திரும்பவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு மஞ்சள் பனியன் கலங்கலாகத் தெரிந்தது, பரவாயில்லை, அந்த மஞ்சள்கூட இவளுக்கு ஒரு அழகாகத்தான் இருக்கிறது. கலாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பொங்கலுக்கு அப்புறம் அவளிடம் பேசுகிற முதல் பேச்சு. "கலா, யாருடி போட்டது?"

கலா கண்ணைத் திறந்தாள். தோற்றுப்போன முகம்தான், மூக்கு நுனி சிவந்து, இதோ அழப்போகிறேன் என்று நின்ற முகம், ஆனால் உதடு அதற்கு ஒத்துழைக்காமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று.

"நம்ம ரெஜினாதாண்டி," என்றாள்.

சொன்னபிறகுதான் தன் பனியனைக் குனிந்து பார்த்துக்கொண்டு நாக்கைக் கடித்தாள்.